கொசுறுக் கணக்கு

(தாணேயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இப்படிப்பட்ட மேடையில் வணிகம் பற்றிப் பேச வருகிறவர்கள் பட்டினப்பாலையில் தொடங்குவது வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நேர்மையைச் சொல்லி ஒரு கைதட்டு வாங்கிக்கொண்டு, பிறகு மெல்ல இந்தக் காலத்துக்கு இறங்கலாம். நான் தாணே ஜாம்ப்ளி நாக்காச் சந்தையில் தொடங்குகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அங்கே காய் வாங்கினேன். கத்தரிக்காய் பாவ் (கால்) கிலோ, வெண்டைக்காய் பாவ் கிலோ, முருங்கைக்காய் இரண்டு. பணம் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில், பையை விரித்தபடியே நின்றேன், கறிவேப்பிலை விழும் என்று. காய்க்காரப் பெண் என்னையும் பார்த்தாள், பையையும் பார்த்தாள். "மசாலா பாயிஜே கா? தஹா ருபயே" (மசாலா வேண்டுமா? பத்து ரூபாய்) என்றாள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இங்கே காய்ச் சந்தையில் மசாலா என்றால் பொடி இல்லை. கொஞ்சம் கொத்தமல்லி, நாலைந்து பச்சை மிளகாய், இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை ஓர் ஈர்க்கு, எல்லாம் சேர்ந்த பச்சைக் கொத்து. நம்மூரில் கொசுறாகப் பைக்குள் விழுவது இங்கே பெயரும் விலையும் பெற்றுவிட்டது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு வேளச்சேரியில் இருக்கும் மகளிடம் போனில் கேட்டேன். "அங்கே இன்னும் கொசுறு போடறாங்களாடி?" "தள்ளுவண்டித் தாத்தா போடறார்மா. நான் ஆப்ல வாங்கறேன், அதுல கறிவேப்பிலைக்கும் தனி விலை" என்றாள்.

அழைப்பிதழில் இன்றைய தலைப்பு 'சில்லறை விலையும் வாடிக்கையாளர் சேவையும்: நகரங்களுக்கிடையே ஓர் ஒப்பீடு' என்று அச்சாகியிருக்கிறது. வீட்டில் நான் இதற்கு வைத்த பெயர் கொசுறுக் கணக்கு. கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் பேரேடு எழுதியவள் நான். பொருளியல் படித்தவள் அல்ல. அந்த அளவுக்கு மட்டும் என்னை நம்புங்கள்.

தாணே, டோம்பிவிலித் தமிழர்கள் ஊருக்குப் போனால் முதல் நாளே வரும் கேள்வி, "அங்கே மலிவா, இங்கே மலிவா?" இதற்கு உலக அளவில் பதில் சொல்லுகிற நிறுவனங்கள் உண்டு. மெர்சர் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் மும்பை 136ஆவது இடம், சென்னை 189ஆவது இடம். அதாவது மும்பை செலவு கூடின ஊர். ஆனால் அந்தப் பட்டியல், கம்பெனி செலவில் வெளிநாடு போய் வேலை பார்க்கிற அதிகாரிகளுக்காகத் தயாராவது. நியூயார்க்கை அளவுகோலாக வைத்து அளப்பது. அதில் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் இட்லி மாவு வாங்குகிறவருக்கு என்ன இருக்கிறது?

நம் அரசாங்கத்தின் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்க்கலாமே என்பார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்கான குறியீட்டில் 88 மையங்கள். மும்பையும் உண்டு, சென்னையும் உண்டு. 2016ஆம் ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் உட்பட. சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைப்போம் இல்லையா? போன பிறந்தநாளுக்கு இந்தப் பிறந்தநாள் இவன் எவ்வளவு வளர்ந்தான் என்று அந்தக் கோடு சொல்லும். அடுத்த வீட்டுப் பையன் இவனைவிட உயரமா என்று அது சொல்லாது. ஒவ்வொரு ஊருக்கும் 2016இன் விலை அந்த ஊரின் சொந்த 100. சென்னைக் குறியீடு மும்பையைவிட உயர்ந்திருந்தால், 2016க்குப் பிறகு அங்கே விலை வேகமாக ஏறியிருக்கிறது என்று பொருள். சென்னையில் துவரம்பருப்பு விலை கூட என்று பொருள் ஆகாது.

சரி, நாமே ஒப்பிடுவோம். உறையில் அடைத்து வரும் பொருளில் ஒப்பிட ஒன்றும் இல்லை. 1990இல் விதியைத் திருத்தி, எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையை உறையின் மேலேயே அச்சிட வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் 'உள்ளூர் வரி தனி' என்று ஒரு வாசகம் இருக்கும். அந்த வாசகத்தின் நிழலில் கடைக்காரர் வைத்ததுதான் விலை. 2018 ஜனவரி முதல் ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு விலை அச்சிடுவதும் கூடாது என்று விதி வந்தது. எனவே குளியல் சோப்பின் உறையில் தாராவியிலும் ஒரு விலை, தியாகராய நகரிலும் அதே விலை. சாமானியர் கையில் அரசாங்கம் கொடுத்த மிக நல்ல ஆயுதங்களில் இந்த அச்சிட்ட விலை ஒன்று என்று நினைக்கிறேன். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால் போதும், ஏமாற்ற முடியாது.

ஊருக்கு ஊர் மாறுவது வேறு சில பொருள்கள். பாலை எடுங்கள். ஆவின் நீல உறை அரை லிட்டர் 20 ரூபாய். 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த புதிய அரசு, பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததால் வந்த விலை அது. அதே தரப் பால் தாணேயில் லிட்டர் 50 ரூபாய்க்கு மேல். எரிவாயு சிலிண்டர் தலைகீழ். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது வீட்டுச் சிலிண்டர் மும்பையில் 852.50, சென்னையில் 868.50. பதினாறு ரூபாய் நமக்கு லாபம். ஆனால் சென்னையில் சிலிண்டர் போடுகிறவருக்கு மாடிக்கு இவ்வளவு என்று எழுதாத கட்டணம் ஒன்று உண்டு. அது எந்தக் குறியீட்டிலும் ஏறாது. ஆட்டோவும் இப்படித்தான். சென்னையில் 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று அரசு விதித்தது, பத்தாண்டுக்கு மேல் திருத்தப்படாமலே கிடந்தது. மும்பைப் பகுதியில் 2025 பிப்ரவரி முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 26 ரூபாய். காகிதத்தில் சென்னை மலிவு, மீட்டர் போட்டால். தாணேயில் ஏறி உட்கார்ந்தால் மீட்டர் கொடி விழுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஒரு விலை உண்டு, சென்னையிலிருந்து வருகிற என் சம்பந்தியைக் கேட்டால் சொல்வார்.

விலையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பாதி இடத்தில் நிலம்தான் இருக்கிறது. மும்பையில் தமிழர் நிறைந்த மாட்டுங்காவின் பழைய கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ அதையே நிலையான வாடகையாக உறைய வைத்தது. அதற்குப் பிறகு வளர்ந்ததுதான் பகடி முறை. ஒரு தொகையை முன்னால் கொடுத்துவிட்டு உள்ளே வந்தால், மாதா மாதம் பெயருக்கு வாடகை. மறைவில் நடந்துகொண்டிருந்த அந்தப் பழக்கத்தை 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒப்புக்கொண்டது. பாட்டனார் காலத்தில் கடை பிடித்தவரின் பேரன் இன்றும் மிகச் சொற்ப வாடகையில் உட்கார்ந்திருக்கிறார். அவரால் அவசரமில்லாமல் பேச முடிகிறது. காப்பிக் கொட்டையை எடுத்துக் காட்டி, "மாமி, இந்தத் தடவை பீபெரி கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன், குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்ல நேரம் இருக்கிறது. தாணேயின் கோட்பந்தர் சாலையில் புதுக் கட்டடத்தில் கடை போட்டவருக்கு ஒவ்வொரு சதுர அடியும் ஒவ்வொரு நிமிஷமும் வாடகை கேட்கிறது. அவர் சிரிக்கவில்லை என்றால் குணம் கெட்டவர் என்று அர்த்தமில்லை. காரணம் கட்டட உரிமையாளரைப் பார்த்தால்தான் தெரியும். அதே சமயம், மாட்டுங்கா வீட்டுக்காரரின் இழப்பில் நமக்குக் கிடைத்த உபசாரம் அது என்பதையும் மறக்கக் கூடாது. கொசுறு வானத்திலிருந்து விழுவதில்லை.

இந்த உபசாரத்துக்காகத்தான் தாணேயிலிருந்து இன்றும் மாட்டுங்காவுக்கு ரயில் ஏறுகிறோம். இரண்டாம் வகுப்பு பத்து ரூபாய். விரைவு வண்டி அங்கே நிற்காது, 'ஸ்லோ'வில்தான் போக வேண்டும். போக வர, வாங்க, ஒரு காப்பி குடிக்க, அரை நாள். 1853 ஏப்ரல் 16 அன்று நாட்டின் முதல் பயணி ரயில் தாணேக்கு வந்து சேர்ந்தது என்று பெருமைப்படுகிறோம். நூற்றெழுபது வருஷம் கழித்து நாம் அதே தடத்தில் வாழைப்பூ வாங்கப் போகிறோம். அங்கே ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் காய் விற்பவர்களைப் பாருங்கள். தாய்மொழி இந்தியாக இருக்கும், மராத்தியாக இருக்கும். "அம்மா, வாழப்பூ இருக்கு, முருங்கக்கீரை இருக்கு" என்று கூப்பிடுவார்கள். சாம்பார் வெங்காயத்தை உரித்தே வைத்திருப்பார்கள். மொழி ஒரு சேவை. அதற்கும் சேர்த்துத்தான் கிலோவுக்கு ஐந்து பத்து கூடக் கொடுக்கிறோம். மயிலாப்பூர்க்காரர்கள் தங்கள் சொத்தாக நினைக்கிற கிரி டிரேடிங் 1951இல் தொடங்கியது மாட்டுங்காவில்தான். கடை வைக்கிற கலை எப்போதும் சென்னையிலிருந்தே இங்கே வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

இனி மொழி தெரியாதவர் கதை. என் அம்மா செம்பூரில் முப்பது வருஷம் இருந்தவள். அங்கே செட்டா நகர் முருகன் கோயிலைச் சுற்றித் தமிழிலேயே வாழ்ந்துவிடலாம். தாணேக்கு வந்தபோது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. மராத்தி வராது, இந்தி நாலு வார்த்தை. மூலைக் கடை சேட் நல்ல மனுஷர்தான். ஆனால் கடை வாசலில் நின்று, பத்துப் பேர் நடுவில், உளுத்தம்பருப்புக்கு என்ன பெயர் என்று தேடுவது அவளுக்குக் கூச்சம். "நான் ஊமையாட்டம் நிக்கறேன்டி" என்பாள். பிறகு பக்கத்தில் ஒரு சுயசேவைக் கடை வந்தது. அம்மா அதற்குள் போய் ஒவ்வொரு பருப்பையும் கையில் எடுத்து, பிடித்துப் பார்த்து, தானே கூடையில் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் எனக்கு நினைவிருக்கிறது. "யாரும் ஒண்ணும் கேக்கலைடி" என்றாள். பெரிய கடையில் மனித உறவு இல்லை என்று நாம் கட்டுரை எழுதுகிறோம். அந்த உறவு இல்லாததுதான் அவளுக்கு விடுதலையாக இருந்தது. அதன்பிறகு அந்தப் புகாரை நான் எளிதில் சொல்வதில்லை.

சுயசேவைக் கடை என்றதும் உங்கள் மனத்தில் வருகிற பெயர் எனக்குத் தெரியும். டி-மார்ட் முதல் கடை 2002இல் பவாயில் திறந்தது. அதன் நிறுவனர் ராதாகிஷன் தமானி பங்குச் சந்தையிலிருந்து வந்தவர். தலைமை அலுவலகம் நம் வாக்ளே எஸ்டேட்டில்தான் இருக்கிறது. அவர்கள் விலை குறைவதற்குக் காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. கடைக் கட்டடங்களைப் பெரும்பாலும் சொந்தமாகவோ நீண்டகாலக் குத்தகையிலோ வைத்துக்கொள்வது. சரக்கு கொடுத்தவருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்கு விலையில் தள்ளுபடி வாங்குவது. மூன்றாவது காரணம் நாம். தேடுவது நாம், எடுப்பது நாம், வண்டி தள்ளுவது, பை கொண்டு போவது, வீடு சேர்ப்பது எல்லாம் நாம். மூலைக் கடைப் பையன் செய்துவந்த வேலையை நாம் செய்கிறோம், அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி தள்ளுபடியாக நமக்குத் திரும்பி வருகிறது. நியாயமான பேரம்தான். ஆனால் முழங்கால் வலிக்காரிக்கு அது வேறு கணக்கு.

இப்போது சென்னைக்குப் போவோம், ரங்கநாதன் தெருவுக்கு. அங்கே விலை குறைவு, சேவையும் நிறைய. எப்படி முடிகிறது? ஒரு புடவைக்கு நாற்பது புடவை பிரித்துப் போடுகிற அந்தப் பெண் காலையிலிருந்து நிற்கிறாள். வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு' படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்மில் பலர் அவள் காலைப் பார்த்தோம். 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. உட்காருவதற்குச் சட்டம்! இங்கே தாணே சேட் தன் மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்தபடி வியாபாரம் செய்கிறார். வாடிக்கையாளர்தான் நிற்கிறார். எது மரியாதை என்று ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. தாராவியின் தோல் கூடங்களுக்கு ஒரு காலத்தில் ஆள் அனுப்பியது திருநெல்வேலிச் சீமை. ரங்கநாதன் தெருவுக்கு ஆள் அனுப்பியதும் அதே சீமைதான். மும்பை மலிவா, சென்னை மலிவா என்று நாம் ஒப்பிடும்போது இரண்டு பக்கத் தட்டையும் தாங்கி நிற்பது அந்த வறண்ட கரிசலும் தேரிக்காடும்.

சேவை என்பதில் நான் பார்த்த வித்தியாசம் இது. சென்னையில் உபசாரம் பணம் கொடுப்பதற்கு முன்னால், தாணேயில் பணம் கொடுத்ததற்குப் பின்னால். மிகைப்படுத்துகிறேன் என்று தெரியும், இருந்தாலும் கேளுங்கள். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று ஒரு மணி நேரம் கூடவே இருந்தார்கள். முதல் அலசலிலேயே சாயம் போயிற்று. மாற்றப் போனால் மூன்றாம் மாடி, தனி கவுண்டர், பில் மடிந்திருக்கிறது, உறை எங்கே, மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார். என் முகத்தைப் பார்த்த ஆள் ஒருவரும் அங்கே இல்லை. தாணேயில் நௌபாடா பக்கம் ஒரு பாத்திரக் கடை. வாங்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஆறு மாதம் கழித்துக் குக்கர் கைப்பிடி ஆடுகிறது என்று கொண்டு போனேன். பில் கேட்கவில்லை. "டியூஸ்டே கோ லியா தா ஆப்னே" (செவ்வாய்க்கிழமை வாங்கினீர்கள்) என்று சொல்லிக்கொண்டே புதுக் கைப்பிடி மாட்டிக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. எந்தக் கிழமை வாங்கினேன் என்பது எனக்கே நினைவில்லை.

நினைவை நம்பி எத்தனை பேர் வாழ முடியும்? அதற்குத்தான் சட்டம். 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படமாட்டாது' என்று பலகை மாட்டாத கடை இரண்டு ஊரிலும் குறைவு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பில்லை மடிக்காமல் வையுங்கள்.

அரிசிக்கு வருகிறேன், பேசியே ஆக வேண்டியது அது. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு சுருக்க மறுத்துவிட்டது. 2011 ஜூன் முதல் அங்கே அரிசி இலவசம். மகாராஷ்டிரத்தில் 1999இல் மூன்று நிற அட்டை வந்தது. மஞ்சள், காவி, வெள்ளை. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் தாண்டினால் வெள்ளை. வெள்ளை அட்டைக்குத் தானியம் இல்லை. பொருளியல் அறிஞர் மதுரா சுவாமிநாதன் அந்தக் காலத் தாராவியைப் பற்றி எழுதிய ஒரு தகவலைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வசித்த தாராவியில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்று அட்டை பெற்ற குடும்பங்கள் 151. நூற்று ஐம்பத்தொன்று. மற்றவர்களெல்லாம் செல்வந்தர்கள்! திருநெல்வேலியில் ரேஷன் அரிசி வாங்கிய குடும்பம் தாராவிக்கு வந்ததும் முழு விலைக்கு வாங்கியது. ரேஷன் அரிசி வீட்டில் இருந்தால் அண்ணாச்சி கடை அரிசிக்கும் ஒரு கடிவாளம் இருக்கும். இரண்டு நகரங்களின் விலையை ஒப்பிடுகிறவர்கள் இந்தக் கடிவாளத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆக, கறிவேப்பிலையை யாராவது ஒருவர் சுமக்கத்தான் செய்கிறார். சில ஊரில் அரசாங்கம், சில தெருவில் பழைய வீட்டுக்காரர், சில கடையில் நின்றுகொண்டிருக்கும் பெண், சில இடத்தில் நம் முழங்கால். சில நிமிஷத்தில் கொண்டுவருகிற ஆப்களில் மழையில் வண்டி ஓட்டுகிற பையன். பில்லில் வருவது மீதி மட்டும்.

சுமையைத் தாங்களே எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்தவர்களும் உண்டு. திருவல்லிக்கேணியில் 1904இலேயே கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். இங்கே நாய்காவில் 1948இல் ஆலைத் தொழிலாளர்களுக்காக அப்னா பஜார் பிறந்தது. 1975இல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத் முறை இன்னும் எளியது. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து மாதப் பட்டியல் கொடுத்தால், மொத்தமாக வாங்கிய சரக்கு ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கும். பிரித்துக்கொள்வது அவரவர் வேலை. கடையும் இல்லை, வாடகையும் இல்லை. தாணேயில் அந்தச் சங்கங்களில் இருக்கிற மராத்திக் குடும்பங்களை எனக்குத் தெரியும். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் பார்த்ததில்லை. கேட்டால், அவர்கள் கொண்டுவருகிற புளி நமக்குச் சரிப்படாது என்பார்கள். அதுவும் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கை ஒருத்தியாக என்னால் முழுதாகப் போட முடியவில்லை. அதற்காக அறக்கட்டளைக்காரர்களிடம் ஒரு உதவி கேட்டேன், செய்திருக்கிறார்கள். வெளியே காப்பி மேசைக்குப் பக்கத்தில் நாற்பது நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. இருபது பொருள்களின் பெயர் எழுதியிருக்கிறது. ஒரு பத்தியில் விலை எழுதுங்கள். அடுத்த பத்தியில், எங்கே வாங்கினீர்கள், யார் சுமந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, கொசுறு என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். சென்னையில், திருநெல்வேலியில் உறவினர் இருந்தால் இன்னொரு நோட்டு எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். வருகிற தை மாதம் நானே வந்து திரும்ப வாங்கிக்கொள்வேன். பாதி எழுதியதானாலும் கொடுங்கள்.